தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம்

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் என்பது தமிழ்நாட்டின் தஞ்சாவூர் நகரில், அரண்மனை வளாகத்தினுள் அமைந்துள்ள பழமையான நூலகம் ஆகும். தஞ்சை நாயக்க மன்னர்களின் அரண்மனை நூலகமாகத் தோன்றி, மராட்டிய மன்னர்களால் வளர்க்கப்பட்டு, 1918 ஆம் ஆண்டில் பொது நூலகமாக மாற்றப்பட்டது. ஓலைச்சுவடிகள், காகிதச் சுவடிகள், அச்சு நூல்கள், நிலப்படங்கள், ஓவியங்கள், அரசு ஆவணங்கள் ஆகியன இங்கு பாதுகாக்கப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் காண வரும் பயணிகளுள் பலர் அரண்மனையையும், அதனுள் இருக்கும் இந்நூலகத்தின் அருங்காட்சியகத்தையும் பார்த்துச் செல்கின்றனர்.

இந்நூலகத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவரான மன்னர் இரண்டாம் சரபோஜியின் நினைவாக, இது "தஞ்சாவூர் மகாராஜா சரபோஜியின் சரசுவதி மகால் நூலகம்" என்ற முழுப்பெயரால் வழங்கப்படுகிறது.

பெயர்

நாயக்கர் காலத்தில் அரண்மனையின் நூல் தொகுப்பு "சரசுவதி பண்டாரம்" எனப்பட்டது. பண்டாரம் என்பது கருவூலத்தைக் குறிக்கும் சொல் ஆகும். பொன்னும் மணியும் வைக்கப்படும் இடத்திற்குரிய பெயரே நூல்கள் வைக்கப்படும் இடத்திற்கும் வழங்கியது. மராட்டியர் காலத்தில் இது "சரசுவதி மகால்" என்று அறியப்படலாயிற்று.

வரலாறு

நாயக்கர் காலம்

தஞ்சையில் நாயக்கர் ஆட்சி 16 ஆம் நூற்றாண்டில் செவ்வப்ப நாயக்கரால் தொடங்கப்பட்டது. இவர்களுள் இரகுநாத நாயக்கர் தாமே நூல்கள் இயற்றிய புலவரும் இசை வல்லுநரும் ஆவார். அவருடைய அவையில் இருந்த இராமபத்ராம்பா என்னும் பெண்பாற் புலவர் அம்மன்னரின் வரலாற்றைச் சமக்கிருதத்தில் காவியமாகப் பாடியுள்ளார். அவையில் இயற்றப்பட்ட நூல்களும், படியெடுக்கப்பட்ட நூல்களும் அரண்மனையில் சேர்ந்தன. இன்று நூலகத்தில் உள்ள தெலுங்குச் சுவடிகளுக்கு இக்காலமும், இதனைத் தொடர்ந்த மராட்டியர் காலமும் காரணமாகும்.

மராட்டியர் காலம்

1673 ஆம் ஆண்டில் நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் மராட்டியப் பேரரசர் சிவாஜியின் தம்பியான வெங்கோஜி (ஏகோஜி) தஞ்சையைக் கைப்பற்றினார். அவருடைய மகன் சாகஜி (ஆட்சிக்காலம் 1684-1712) கல்வியாளர்களை ஆதரித்தார். கும்பகோணத்தை அடுத்துள்ள திருவிசைநல்லூர் என்னும் ஊரை அறிஞர்கள் குடியிருப்பாக அவர் வழங்கினார். அரசின் மொழி மராத்தியாகவும், மக்களின் மொழி தமிழாகவும், இசையின் மொழி பெரும்பாலும் தெலுங்காகவும், சாத்திரங்களின் மொழி சமக்கிருதமாகவும் இருந்தமையால், தஞ்சை நூலகம் இயல்பாகவே பன்மொழி நூலகமாக வளர்ந்தது.

இரண்டாம் சரபோஜி

இரண்டாம் சரபோஜி 1777 ஆம் ஆண்டில் பிறந்தார். மன்னர் இரண்டாம் துளஜா 1787 ஆம் ஆண்டில் இறப்பதற்குச் சிறிது முன்னர் இவரைத் தத்தெடுத்தார். ஆயினும் ஆட்சி உடனே இவருக்குக் கிடைக்கவில்லை. துளஜாவின் தந்தைவழி உடன்பிறப்பான அமர்சிங் ஆட்சியில் அமர்ந்தார். செருமானிய மதப்பரப்புநரான சுவார்ட்சு, சிறுவன் சரபோஜியின் காப்பாளராக விளங்கினார். பாதுகாப்புக் கருதிச் சென்னைக்கு அனுப்பப்பட்ட சரபோஜி, அங்கு கெரிக் என்ற மற்றொரு மதப்பரப்புநரிடம் ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவுத்துறைகளும் பயின்றார்.

1798 ஆம் ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். 1799 ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி நாட்டின் நிருவாகம் முழுவதையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி எடுத்துக்கொண்டது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. அவருக்கு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆள்வதற்கு நாடு இல்லாமல், வருவாய் மட்டும் உடைய மன்னராக இருந்த சரபோஜி, தம் காலத்தையும் பொருளையும் கல்விப் பணிகளில் செலவிட்டார். இன்றைய நூலகத்தின் பெரும்பகுதி இச்சூழலில் உருவானதே ஆகும்.

அவர் மேற்கொண்ட பணிகளுள் சில:

அறிஞர்களையும் எழுத்தர்களையும் அமர்த்தி, பிற இடங்களில் இருந்த சுவடிகளைப் படியெடுக்கச் செய்தார்.

1820 ஆம் ஆண்டில் பெரும் பரிவாரத்துடன் காசிப் பயணம் மேற்கொண்டார். வடநாட்டுச் சுவடிகளைத் திரட்டுவதற்கும் இப்பயணம் பயன்பட்டது.

ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் முதலிய ஐரோப்பிய மொழிகளில் 4,500-க்கும் மேற்பட்ட அச்சு நூல்களைத் திரட்டினார். அவற்றுள் பலவற்றில் அவருடைய ஆங்கிலக் கையொப்பம் காணப்படுகிறது.

அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சகம் ஒன்றை நிறுவினார்.

"தன்வந்திரி மகால்" என்ற பெயரில் மருத்துவ நிலையம் நடத்தினார். அங்கு தொகுக்கப்பட்ட மருந்து முறைகள் பிற்காலத்தில் "சரபேந்திர வைத்திய முறைகள்" என்ற பெயரில் நூல்களாக வெளிவந்தன.

மராத்தியில் "தேவேந்திரக் குறவஞ்சி" என்ற நாடகத்தை இயற்றினார். குறத்தி தான் கண்ட நாடுகளைக் கூறும் குறவஞ்சி மரபைப் பயன்படுத்தி, உலக நிலவியலைப் பாடல்களாகத் தருவது இந்நூலின் சிறப்பாகும்.

1826 ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்த கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஈபர் மன்னரைச் சந்தித்தார். தஞ்சை மன்னரின் ஐரோப்பியக் கல்வி அக்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளிடையே பேசப்பட்ட செய்தியாக இருந்தது. சரபோஜி 1832 ஆம் ஆண்டில் இறந்தார்.

1855-க்குப் பிந்திய நிலை

சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி 1855 ஆம் ஆண்டில் ஆண் வாரிசு இன்றி இறந்தார். வாரிசு இல்லை என்ற காரணத்தைக் காட்டித் தஞ்சை அரசைக் கம்பனி இணைத்துக்கொண்டது. அரசுரிமையுடன் மன்னரின் தனிச் சொத்துகளும் கைப்பற்றப்பட்டன. அரசியருள் மூத்தவரான காமாட்சி பாய் இதனை எதிர்த்துச் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். ஆயினும் 1859 ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. கம்பனியின் செயல் ஓர் அரசின் செயல் என்பதால் நீதிமன்றம் அதில் தலையிட இயலாது என்பது அதன் முடிவாகும். பின்னர் 1862 ஆம் ஆண்டில் தனிச் சொத்துகள் அரசியரிடம் திருப்பி அளிக்கப்பட்டன.

இக்காலத்தில் சென்னை அரசு சமக்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் பணியைத் தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல் என்பவரிடம் ஒப்படைத்தது. அவருடைய வகைப்படுத்தப்பட்ட அட்டவணை 1880 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறைவாக வெளிவந்தது. அதன் மூலம் தஞ்சைத் தொகுப்பு உலக அறிஞர்களின் கவனத்திற்கு வந்தது.

பொது நூலகமாதல்

அரச மரபினர் இந்நூலகத்தை ஒரு இலட்சம் ரூபாய் நிதியுடன் பொதுப் பயன்பாட்டிற்கு அளித்தனர். 1918 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அரசாணையின்படி இது பொது நூலகமாயிற்று. அதுவரை மன்னரின் இசைவு பெற்ற அறிஞர்கள் மட்டுமே கண்ட சுவடிகள், அதன்பின் பொதுமக்களுக்கும் உரியவை ஆயின. தஞ்சைப் பகுதியின் அறிஞர் குடும்பங்கள் சில தம்மிடம் இருந்த சுவடிகளையும் நூலகத்திற்கு அளித்தன.

1928 ஆம் ஆண்டு முதல் பி. பி. எசு. சாத்திரியார் சமக்கிருதச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணையைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். 1939 ஆம் ஆண்டில் நூலகத்தின் பருவ இதழ் தொடங்கப்பட்டது. இதுவரை அச்சேறாத சுவடிகளைப் பதிப்பித்து வெளியிடுதல் நூலகத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகத் தொடர்ந்து வந்துள்ளது. 1986 ஆம் ஆண்டில் நூலகம் பதிவுபெற்ற சங்கமாக மாற்றப்பட்டது.

தொகுப்புகள்

சுவடிகளில் மிகப் பெரும்பகுதி, ஏறத்தாழ 39,000, சமக்கிருத மொழியில் அமைந்தவை. இவை கிரந்தம், தேவநாகரி, நந்திநாகரி, தெலுங்கு முதலிய எழுத்துகளில் எழுதப்பட்டுள்ளன. தமிழ்ச் சுவடிகள் 3,500 அளவிலும், மராத்திச் சுவடிகள் 3,000-க்கு மேலும், தெலுங்குச் சுவடிகள் 800-க்கு மேலும் உள்ளன. பாரசீக, உருதுச் சுவடிகள் சிலவும் உண்டு.

தமிழ்ச் சுவடிகளில் இலக்கியம், இலக்கணம், மருத்துவம், சோதிடம், சமயம் முதலிய துறைகளைச் சார்ந்தவை அடங்கும். அச்சில் வந்துவிட்ட நூல்களின் சுவடிகளும் மதிப்பிழந்தவை அல்ல. ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டே பாட வேறுபாடுகளை அறிந்து திருத்தமான பதிப்பை உருவாக்க இயலும்.

மராட்டிய அரசின் நிருவாக ஆவணங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டைகளாக உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை "மோடி" எனப்படும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை. மோடி எழுத்து மராத்தி மொழியை விரைந்து எழுதுவதற்குப் பயன்பட்ட ஒன்றாகும், இன்று வழக்கொழிந்துவிட்டது. அரண்மனைச் செலவுகள், கோயில் கொடைகள், கலைஞர்களுக்கு அளிக்கப்பட்ட ஊதியம், வழக்குகள் முதலிய அன்றாடச் செய்திகள் இவ்வாவணங்களில் உள்ளன. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே ஆவர். எனவே, பாதுகாக்கப்பட்டிருந்தும் படிக்கப்படாத செய்திகள் நூலகத்தில் இன்னும் உள்ளன.

ஓலைச்சுவடியும் அதன் வாசிப்பும்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழையினுள் ஓலையைக் காணும் பார்வையாளருக்கு, தமிழ் எழுத்தாக இருந்தும் அதைப் படிக்க முடிவதில்லை. இதற்குச் சில காரணங்கள் உள்ளன.

ஓலையில் மை கொண்டு எழுதுவதில்லை. எழுத்தாணி எனப்படும் கூரிய கருவியால் எழுத்துகள் கீறப்படுகின்றன. கீறிய பின் விளக்குக்கரி முதலியவற்றைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து தெரியும். கருமை மங்கினால் எழுத்து கண்ணுக்குப் புலப்படாது.

மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணமாகும். எனவே "க" என்னும் எழுத்தைப் படிப்பவர், அது "க" என்பதா "க்" என்பதா என இடம் நோக்கி அறிதல் வேண்டும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. "கொடு" என்பதும் "கோடு" என்பதும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைவதும் உண்டு.

சொற்களுக்கிடையே இடைவெளி விடப்படுவதில்லை. செய்யுள்களும் அடி பிரிக்கப்படாமல் உரைநடை போலத் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். ஆதலின், சுவடியைப் படிப்பவர் யாப்பும் இலக்கணமும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பு முறைகள்

ஓலைக்கு வெப்பம், ஈரம், பூச்சி ஆகிய மூன்றும் பகையாகும். ஓலைகள் நெடுங்காலம் நிலைக்கக்கூடியவை அல்ல. முற்காலத்தில் நைந்த ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுப்பதே நூலைக் காக்கும் வழியாக இருந்தது. படியெடுக்க ஆள் இல்லாமற்போன நூல்கள் ஓலையோடு அழிந்தன.

ஓலைக்கட்டின் மேலும் கீழும் மரச்சட்டங்கள் வைத்து, துளைகளில் கயிறு கோத்துக் கட்டித் துணியால் சுற்றி வைப்பது பழைய முறையாகும். பூச்சிகளை விலக்குவதற்காக வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, இலவங்கம், பட்டை ஆகியவற்றின் பொடியுடன் கருப்பூரம் சேர்த்துச் சிறு துணிப்பைகளில் கட்டிச் சுவடிகளிடையே வைக்கும் வழக்கம் இந்நூலகத்தில் உள்ளது. காய்ந்து முறியும் நிலையில் உள்ள ஓலைகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவப்படுகிறது. இது ஓலைக்கு நெகிழ்ச்சியைத் தருவதுடன் பூச்சியையும் தடுக்கிறது. இவற்றுடன் நுண்படச்சுருள், எண்மப் படிமம் ஆகிய புதிய முறைகளும் கையாளப்படுகின்றன. நூலகத்தின் வெளியீடுகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம்.

அருங்காட்சியகம்

சுவடிகள் வைக்கப்பட்டுள்ள பகுதிக்குள் பார்வையாளர்கள் செல்ல இயலாது. பயணிகள் காண்பது நூலகத்தின் அருங்காட்சியகத்தையே ஆகும். நூலகத்தின் மிகச் சிறு பகுதியே இங்கு வைக்கப்பட்டுள்ளது. காணத்தக்கவற்றுள் சில:

ஓலைச்சுவடிகளும், ஓவியங்களுடன் கூடிய காகிதச் சுவடிகளும்.

பிரெஞ்சு ஓவியர் சார்லசு லெ பிரனின் முக ஒப்பீட்டுப் படங்கள். ஆந்தை, காளை முதலியவற்றின் முகங்களும் அவற்றை ஒத்த மனித முகங்களும் அருகருகே வரையப்பட்டிருக்கும். முகத்தோற்றத்தைக் கொண்டு குணத்தை அறியலாம் என்ற பழைய ஐரோப்பியக் கருத்தின் அடிப்படையில் அமைந்தவை இவை. அக்கருத்து இன்று அறிவியலால் ஏற்கப்படுவதில்லை.

சீன நாட்டில் வழங்கிய தண்டனை முறைகளைக் காட்டும் வண்ணப் படங்கள்.

பழைய நிலப்படங்களும் நிலப்பட நூல்களும்.

சரபோஜியின் கையொப்பம் உள்ள ஐரோப்பிய நூல்கள்.

தன்வந்திரி மகாலுடன் தொடர்புடைய, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் கண் ஓவியங்களும் நூலகத்தின் தொகுப்பில் உள்ளன. நோயாளியின் நிலை, அளிக்கப்பட்ட மருத்துவம், பெற்ற பயன் ஆகியன இவற்றில் பதிவு செய்யப்பட்டுள்ளன. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய அரண்மனை ஒன்றில் இத்தகைய பதிவு முறை இருந்தமை மருத்துவ வரலாற்று ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்படுகிறது.

களவுபோன பொருட்கள்

பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்துவதும் பாதுகாப்பதும் எல்லா நேரமும் எளிதில் இணைந்து செல்வன அல்ல என்பதற்கு இந்நூலகமே சான்றாக உள்ளது.

செருமானிய மதப்பரப்புநரான சீகன்பால்கு 1706 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, தரங்கம்பாடி அச்சகத்தில் 1714-1715 ஆம் ஆண்டுகளில் அச்சிடப்பட்டது. சரபோஜியின் கையொப்பத்துடன் கூடிய அதன் படி ஒன்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2005 ஆம் ஆண்டு அக்டோபரில் அது காணாமற்போனது. முதலில் பதியப்பட்ட வழக்கு துப்புத் துலங்காமல் முடிக்கப்பட்டது. பின்னர் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்கை மீண்டும் விசாரித்தது. அந்நூல் இலண்டனில் உள்ள ஒரு தொகுப்பில் இருப்பதாகக் கண்டறிந்துள்ளதாக, 2022 ஆம் ஆண்டு சூலையில் அப்பிரிவு அறிவித்தது.

சரபோஜியும் அவருடைய மகன் சிவாஜியும் இடம்பெற்றுள்ள 19 ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றும் இவ்வாறே வெளிநாடு சென்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் உள்ள பீபாடி எசெக்சு அருங்காட்சியகம் 2006 ஆம் ஆண்டில் அதனை ஒரு கலைப்பொருள் வணிகரிடமிருந்து 35,000 டாலருக்கு வாங்கியது. அது களவுபோன பொருளாக இருக்கலாம் என்று தெரியவந்தபின், 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அது சரசுவதி மகாலில் இருந்து களவுபோனது என்று 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவு தெரிவித்தது.

ஒரு பொருள் இன்ன இடத்திற்கு உரியது என மெய்ப்பிக்க, அது அங்கு இருந்ததற்கான எழுத்துப் பதிவும் படமும் தேவை. ஆதலின், அட்டவணையும் படப்பதிவும் ஆய்வாளருக்கு உதவுவதுடன் பொருளுக்குக் காவலாகவும் அமைகின்றன.

பார்வையிடுதல்

தஞ்சாவூர் அரண்மனை நகரின் கீழைப் பகுதியில், பழைய பேருந்து நிலையத்தில் இருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. அரண்மனை வளாகத்தில் தர்பார் மண்டபம், கலைக்கூடம், மணிக்கோபுரம், சங்கீத மகால் ஆகியனவும் உள்ளன. கலைக்கூடத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகளும், ஆங்கிலேயச் சிற்பி பிளாக்சுமன் செதுக்கிய சரபோஜியின் பளிங்குச் சிலையும் வைக்கப்பட்டுள்ளன.

அருங்காட்சியகத்தினுள் ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை. சுவடிகள் ஒளியால் பாதிக்கப்படக்கூடியவை என்பதால் பேழைகளின் அருகே மங்கிய ஒளியே இருக்கும். அதனால் விரைந்து கடந்து செல்வோர் காண்பது மிகக் குறைவு. சுவடிகளை ஆராய விரும்புவோர், தம் ஆய்வின் நோக்கத்தைத் தெரிவித்து நூலகத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். நூலகம் பதிப்பித்த நூல்களை வளாகத்திலேயே விலைக்கு வாங்கலாம். வேறு எங்கும் அச்சேறாத மருத்துவம், இசை, நாட்டியம், சிற்றிலக்கியம் சார்ந்த நூல்கள் அவற்றுள் அடங்கும்.

தொடர்புடைய பிற இடங்கள்

தஞ்சைப் பெரிய கோயில்: இதன் சுற்றுச்சுவரில், போன்சலே மரபின் வரலாற்றைக் கூறும் நீண்ட மராத்திக் கல்வெட்டு சரபோஜியின் ஆணையால் 1803 ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது.

சுவார்ட்சு தேவாலயம்: பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவின் அருகில் உள்ளது. இறக்கும் தறுவாயில் உள்ள சுவார்ட்சின் கையைச் சரபோஜி பற்றி நிற்பதைக் காட்டும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இங்குள்ளது. இதனையும் பிளாக்சுமனே செதுக்கினார்.

தரங்கம்பாடி: சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட்ட கடற்கரை ஊர். தேனியர் கட்டிய தன்சுபர்க் கோட்டை இங்குள்ளது.